குரோயிவாவின் வேகம்

கழுத்து வலி காதுக்குப் பின்னால் ஏறி மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சதஹாரு இருபத்தாறு வருஷமாக உருக்காலைக் கூரைக்கடியில் ஓடுகிற கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, தன் முழங்கால்களுக்கு நடுவே கீழே பார்த்துப் பார்த்து வேலை செய்கிறவன். நெருப்புக் குழம்பு தளும்புகிற வாளியைத் தூக்கிப் போகும்போது தலையை நிமிர்த்த முடியாது. நிமிர்த்தினால் கீழே நிற்கிறவன் செத்தான். அப்படி உறைந்துபோன கழுத்து, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது என்பதற்காக இளகிவிடாது.

தொபாதாவிலிருந்து வகமட்சுவுக்குப் போகும் படகில் இடம் காலியாகத்தான் இருந்தது. அவன் உட்காரவில்லை. கக்கத்தில் இசைத்தட்டை இடுக்கிக்கொண்டு இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்குமாக நடந்தான்.

"உக்காருடா. நீ நடந்தா படகு சீக்கிரம் போயிடுமா?" என்றார் இடே.

"உக்காந்தா கழுத்து புடிச்சுக்குது, இடேண்ணே."

"நின்னாலும் அதே கழுத்துதானே."

இடே ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. ஜப்பானின் வடகிழக்கே கமாயிஷி ஆலையில் உலையை அணைத்தபோது, பெண்டாட்டியையும் மெத்தைகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு தென்மேற்கே கியூஷூவுக்கு மாற்றலாகி வந்தவர். வந்த வருஷமே சதஹாருவுக்கு ஒரு கேசட் கொடுத்தார். கொகுராவில் ஒரு கடையின் தள்ளுபடிப் பெட்டியில் கிடந்த தட்டாம். வாங்கி வந்து தன் வீட்டுக் கருவியில் போட்டுப் பதிந்தாராம். தட்டு பின்னால் ஜன்னல் வெயிலில் அப்பளமாக வளைந்துபோனது. கேசட் மட்டும் மிஞ்சியது.

அதுதான் 'ஷியோமாச்சி'. கடல் ஏற்றத்துக்குக் காத்திருப்பது என்று பொருள். குரோயிவா செய்ஜி என்கிற கிதார்க்காரர் ஐம்பது வயதில் தன் குழுவோடு வாசித்தது. பாட்டே கிடையாது. கிதார், மின் பியானோ, பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். ஜாஸையும் ராக்கையும் சேர்த்துப் பிசைகிற அந்த வகைக்கு அப்போதே மவுசு போய்விட்டிருந்தது. ஜாஸ்காரர்கள் இரைச்சல் என்றார்கள், ராக்காரர்கள் கிழட்டு வாத்தியம் என்றார்கள். பத்திரிகைகளில் வந்தது ஒரே ஒரு வரி, அதுவும் திட்டு. தட்டு தள்ளுபடிப் பெட்டிக்குப் போய்விட்டது.

சதஹாருவுக்கு அது வேறு. கூண்டுக்குள் சின்ன டேப்ரிக்கார்டரில் அதைப் போட்டால் கை தானாக வேலை செய்யும். கிதார் துரத்தும், டிரம்ஸ் தப்பி ஓடும். வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கிரேன் திரும்புவதற்குள் முதல் பக்கம் முடிந்துவிடும். ஓட்டமென்றால் அப்படி ஓட்டம். பெண்டாட்டி பிரிந்து போன குளிர்காலத்தில், ராத்திரி பகல் மாறி மாறி வந்த ஷிப்டுகளில், அந்த ஓட்டம்தான் அவனைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது. தூங்கியிருந்தால் யாரையாவது கொன்றிருப்பான்.

அந்தக் குரோயிவா, அறுபத்து நாலு வயதில், இலையுதிர் காலத்தில் கியூஷூ வருகிறார். வகமட்சுவில் நொகாமி நடத்தும் காபிக்கடையில் ஒரு சாயங்காலம் வாசிக்கலாமா என்று ஏற்பாட்டாளர் கேட்டிருந்தார். பேசாமல் உட்கார்ந்து இசைத்தட்டு கேட்பதற்கென்றே இருக்கிற கடை அது. முப்பது நாற்காலி. நொகாமி ஒண்டிக்கட்டை. நாற்காலி தூக்க, டிக்கெட் விற்க, வழக்கமாக வருகிறவர்கள் கை கொடுத்தால்தான் முடியும். சதஹாருவையும் இடேவையும் தவிர அவர்களில் ஒருவர்கூட 'ஷியோமாச்சி'யைக் கேட்டதில்லை. ஞாயிறு மதியம் ஒரு பக்கம் போடுகிறேன், பிடித்தவர்கள் சொல்லுங்கள், திங்கட்கிழமை நான் பதில் சொல்லியாக வேண்டும் என்றாள் நொகாமி. தட்டுக்கு நான் பொறுப்பு என்று சதஹாரு வாயைக் கொடுத்துவிட்டான். கொகுரா முழுக்க அலைந்து போன வாரம்தான் ஒன்று கிடைத்தது. போட்டுப் பார்க்க அவனிடம் கருவி இல்லை.

அந்தக் கைகளை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

கடைக்குள் நுழைந்ததும் முடிதிருத்தும் எபிஹாரா ஆரம்பித்தார்.

"வாப்பா உருக்காலை. காதுல இருக்கற இரும்புத் தூளையெல்லாம் தட்டிட்டு வந்தியா?"

"உங்க காதுல முடி இருக்கே, அதை யாரு வெட்டறது?"

"முடி இருந்தாலும் எனக்குக் கேக்கும். உனக்குக் கேக்குமான்னுதான் ஊருக்கே சந்தேகம். டிராக்டர் ஓடற மாதிரி ஒரு டேப்பு வச்சிருக்கியாமே?"

"கேட்டுட்டுப் பேசுங்க."

"அதுக்குத்தானே முடிவெட்ட வந்தவனைப் பாதித் தலையோட அனுப்பிட்டு வந்திருக்கேன்."

சிரிப்பு எழுந்தது. பதினாலு பதினைந்து பேர் இருந்தார்கள். நொகாமி தட்டை வாங்கி, உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். உறையைக் கல்லாவுக்கு மேலே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினாள்.

"சட்டம் தெரியுமில்ல? ஓடும்போது பேச்சு கிடையாது. பக்கம் முடிஞ்சதும், அந்தாளு வரட்டும்னு நினைக்கறவங்க தீப்பெட்டியை நிமித்தி வைங்க. வேணாம்னா படுத்தே கிடக்கட்டும்."

மேஜைக்கு மேஜை கடையின் பேர் போட்ட தீப்பெட்டிகள் படுத்துக் கிடந்தன. ஊசி இறங்கியது.

முதல் சுரத்திலேயே ஏதோ தப்பு என்று சதஹாருவுக்குத் தெரிந்துவிட்டது.

வாத்தியம் அதுதான். மெட்டும் அதுதான். ஆனால் யாரோ காலில் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஓட வேண்டியவர்கள் நடந்தார்கள். பளீரென்று கீறவேண்டிய கிதார் எங்கேயோ கீழே, தொண்டைக்குள் முனகியது. இப்போது எகிறும், இப்போது எகிறும் என்று காத்திருந்தான். எகிறவில்லை. எபிஹாரா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று சதஹாரு முடிவு செய்தான். வேர்த்தது. நாற்காலி முனைக்கு வந்தான், பின்னால் சாய்ந்தான், மறுபடி முனைக்கு வந்தான். முதல் உருப்படி முடிந்ததும் எழுந்தே விட்டான்.

"அக்கா, நிறுத்துங்க. மெஷின் மெதுவா ஓடுது."

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. அங்கே தட்டு ஓடும்போது யாரும் வாய் திறந்ததில்லை. நொகாமி ஊசியைத் தூக்கினாள்.

"என்ன சொன்னே?"

"மெதுவா ஓடுது. இது இப்படி இருக்காது."

"வா, இங்க வந்து பாரு." தட்டு மேடையின் ஓரத்தில் புள்ளி வரிசை. பக்கத்துச் சின்ன விளக்கின் வெளிச்சத்தில், மேடை சுற்றிக்கொண்டிருக்க, புள்ளிகள் மட்டும் நட்டு வைத்ததுபோல் நின்றன. "வேகம் தப்பினா இது நகரும். நகருதா?"

"நகரல."

"பதினெட்டு வருஷத்துல என் மெஷினைக் குத்தம் சொன்னது நீ ஒருத்தன்தான்."

"நான் தினமும் கேக்கறதா இது! எனக்குத் தெரியாதா?" சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்து நீட்டினான். "இதைப் போடுங்க. அப்புறம் சொல்லுங்க."

கல்லாவுக்குக் கீழே இருந்த கேசட் கருவியில் நொகாமி போட்டாள். ஓட்டம் கடைக்குள் பாய்ந்தது. சதஹாருவின் தோள் இறங்கியது. ஆமாம், இதுதான். சுற்றிலும் பார்த்தான். முகங்கள் எல்லாம் சுருங்கிப் போயிருந்தன. எபிஹாரா ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னய்யா இது, வால்ல தீ வச்ச பூனை மாதிரி? டிரம்ஸா தகர டப்பாவா?"

நொகாமி சிரிக்கவில்லை. நிறுத்திவிட்டு யோசித்தாள். "இதை யாரு பதிஞ்சது?"

"நான்தான்மா" என்றார் இடே.

"உங்க வீட்டு மெஷின்லயா? அது எங்க வாங்கினது?"

"கமாயிஷில. கல்யாணத்துக்கு மாமனார் குடுத்தது. மாற்றல்ல மெத்தையோட சேத்துக் கட்டிக் கொண்டாந்தேன்."

"இங்க வந்ததும் மோட்டார்ல இருக்கற சின்னச் சக்கரத்தை மாத்தினீங்களா?"

"என்ன சின்னச் சக்கரம்?"

நொகாமி கேசட்டை வெளியே எடுத்தாள். பிறகு எபிஹாரா மேஜையில் அறைந்து சிரிக்க ஆரம்பித்தார், ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். நாட்டின் கிழக்கே மின்சாரம் நொடிக்கு ஐம்பது தரம் துடிக்கும், மேற்கே அறுபது தரம். அங்கிருந்து கொண்டுவந்த பழைய மோட்டாருக்குச் சக்கரத்தை மாற்றாவிட்டால் ஐந்தடி போகவேண்டியது ஆறடி போகும். வீடு மாறுகிற எல்லோருக்கும் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்கள். இடேவுக்குச் சொல்ல ஆளில்லை.

"அடப் பாவி!" இடே நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதான் என் வீட்டுக்காரி கேட்டா, ஏங்க, பாட்டுக்காரி எல்லாம் இங்க வந்ததும் சின்னப் பொண்ணா ஆயிட்டாளேன்னு. உன் காதுக்கு வயசு குறைஞ்சிடுச்சுடின்னேன். கியூஷூ வெயிலுக்கு எல்லாமே சுறுசுறுப்பா இருக்குதுன்னு நினைச்சுட்டேனே!"

"துணி தொவைக்கற மெஷினும் அங்க இருந்து வந்ததா?" என்று ஒருவர் கேட்டார்.

"அதான் ரெண்டே வருஷத்துல சட்டையெல்லாம் நார் நாராக் கிழிஞ்சுது!"

சதஹாரு மட்டும் சிரிக்கவில்லை. கேசட்டைத் திரும்ப வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனைத் தூங்கவிடாமல் காப்பாற்றியது குரோயிவா இல்லை. அது மேற்கத்தி மின்சாரம். யாரும் எங்கேயும் வாசிக்காத ஒன்றை அவன் பத்து வருஷமாகத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறான்.

"அக்கா, உங்க மெஷின்ல வேகத்தைக் கூட்டற திருகு இருக்கில்ல? கொஞ்சம் திருகிப் போடுங்களேன். அவங்களும் கேக்கட்டும்."

"மாட்டேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "அந்த மனுஷன் எந்த வேகத்துல வாசிச்சாரோ அதுலதான் இந்தக் கடையில ஓடும். உக்காரு. பாதியில எழுந்து பேசினதுக்கு வேற யாரா இருந்தாலும் வெளிய அனுப்பியிருப்பேன்."

உட்கார்ந்தான். ஊசி இரண்டாவது உருப்படியில் இறங்கியது.

கேட்க முடியவில்லை. கால் தன் பாட்டுக்குப் பழைய வேகத்தில் தட்டியது. தட்டாதே என்று தொடையை அழுத்திப் பிடித்தான். கழுத்து விண்ணென்று தெறித்தது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போனால் தீப்பெட்டிகள் எல்லாம் படுத்துவிடும். இருந்தான்.

நடுவில் ஓரிடம். கிதார் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு நின்றது. கேசட்டில் அந்த இடம் ஒரு சின்னத் தடுக்கல்தான், கடந்துபோய்விடும். இங்கே கடக்கவில்லை. யாரோ கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது. மெஷின் நின்றுவிட்டது என்றே நினைத்தான். அப்புறம்தான் அடியில் பேஸ் நடந்துகொண்டிருப்பது காதில் விழுந்தது. கனத்த பூட்ஸ் போட்ட ஆள் வெறும் ஆலைக்குள் தனியாக நடக்கிற மாதிரி. பத்து வருஷத்தில் அந்தக் காலடியை அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அடுத்த சுரம் வரவேண்டிய இடம் வந்தது. சதஹாருவின் வலது கை தொடையின்மேல் தானாக நகர்ந்து, இல்லாத நெம்புகோலை இழுத்துவிட்டது. சுரம் வரவில்லை. இன்னும் வரவில்லை. நெம்புகோலை இழுத்து முடித்து, வாளி கவிழ்ந்து, கீழே இருந்தவன் செத்து முடிந்த பிறகுதான் அது வந்தது. ஒரே சுரம், மிகத் தாழ்வாக, கம்பியில் விரல் உராய்கிற சொரசொரப்போடு.

கையைப் பார்த்தான். ஆலையில் இப்படி முந்தியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

அது பிடித்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கம் முடிகிறவரை எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டு இடத்தில் எரிச்சல் மறந்துபோனது. மறுபடி வந்தது.

ஊசி எழுந்தது. எபிஹாரா கண்ணைத் திறந்தார். தூங்கவில்லை, கண்ணோரம் ஈரமாக இருந்தது, அதைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். டக். அடுத்த மேஜையில் ஒன்று. இடே நிமிர்த்தினார். ஜன்னலோரம் இரண்டு. நாலைந்து படுத்தே கிடந்தன, மற்றதெல்லாம் நின்றது.

"நல்ல தட்டுடா" என்றார் எபிஹாரா. "அந்தாளு அவசரமே படல. இதைப் போயி டிராக்டர் ஆக்கி வச்சிருந்தீங்களே, ரெண்டு பேரும்."

"வரச் சொல்லி நாளைக்குப் பதில் சொல்லிடறேன்" என்றாள் நொகாமி. பிறகு சதஹாருவின் மேஜையைப் பார்த்தாள். அவன் தீப்பெட்டி படுத்திருந்தது.

"உனக்கு வேணாமா?"

"தெரியலக்கா. பொய்யா நிமித்தி வைக்க முடியல."

"சரி, படுத்திருக்கட்டும். ஆனா அன்னிக்கு நீதான் பேசணும்."

"என்னது?"

"இங்க வாசிக்க வர்றவங்களை, அவங்க தட்டைக் கொண்டாந்தவங்கதான் முன்னாடி நின்னு வரவேற்பாங்க. அதுல என்ன கேட்டோம்னு சொல்லிட்டுத்தான் வாசிக்க விடுவோம். மறந்துட்டியா?"

"நான் கேட்டது அவரோடது இல்லையேக்கா! வேற யாரையாவது பேசச் சொல்லுங்க. எபிஹாராவைச் சொல்லுங்க, அழுதாரில்ல."

"நான் எதுக்குப் பேசணும்?" என்றார் எபிஹாரா. "தட்டு உன்னுது. பொறுப்பு நீன்னு நீயேதானே சொன்னே?"

"கொண்டாந்தது நீ" என்றாள் நொகாமியும். "தட்டு இங்கயே இருக்கட்டும். வந்து வந்து கேளு. அவர் வேகத்துக்கு வர்ற வரைக்கும் கேளு."

மறுபக்கத்தை இப்போதே போடச் சொல்லலாமா என்று சதஹாரு வாயெடுத்தான். அதற்குள் வேறு யாரோ கேட்ட தட்டு மேடைக்கு ஏறிவிட்டது. பேச்சு நின்றது. அவன் எழுந்தான், உட்கார்ந்தான். குரோயிவா செய்ஜிக்கு அவன் ஒரு பேச்சு பாக்கி. அதில் ஒரு வார்த்தைகூட இன்னும் அவனிடம் இல்லை.