அறுபது கிலோ ஒருசந்தி

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலத்தில் இரண்டு நாள் ஒருசந்தி பிடித்தால் போதும் என்று ரோமாபுரியில் தளர்த்தி எட்டு வருஷம் ஆகிவிட்டது. பங்குச் சாமியார் பூசையிலேயே சொன்னார். தங்கபுஷ்பத்தின் காதிலும் விழுந்தது. விழுந்ததோடு சரி. எழுபத்து நாலாம் வருஷம் தவசு காலம் முழுக்க, ஞாயிறு தவிர, ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் பகல் பன்னிரண்டுக்கு மேல் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். தனக்கு மட்டுமல்ல, புருஷனுக்கும் சேர்த்து. ஏழு வயது மகள் ரெஜினாவின் சூம்பிய காலுக்கு ஈஸ்டர் கழிந்து ஆபரேஷன்.

புருஷன் துரைராஜ் மறுத்துப் பேசவில்லை. ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் பளுதூக்கும் போட்டி. அவன் இறங்குவது அறுபது கிலோ பிரிவில். உடம்பு அறுபத்து மூன்றரை. எப்படியும் பட்டினி கிடக்க வேண்டியவன்தான். இந்தக் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியாது. புருஷன் இரும்பு தூக்குகிறான் என்பது மட்டும் தெரியும்.

விடியற்காலை மயிலாப்பூர் கூடத்தில் பயிற்சி. அப்புறம் அடையாறு அச்சாபீஸில் காகிதக் கட்டு இறக்குகிற வேலை. மாதம் திரும்புவதற்குள் கன்னம் ஒட்டிவிட்டது. பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டான். சாந்தோம் கோயிலுக்குப் பின்சந்தில் அவனுக்கு நல்ல பெயர். பொண்ணுக்காக இந்த மனுஷன் இப்படி உருகுகிறானே என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

மாலையில் மூவரும் முழங்காலில் நின்று செபமாலை சொல்வார்கள். அவன் வாய் அருள்நிறை மந்திரம் சொல்லும். மனசு அறுபத்தொன்று இருநூறு, அறுபத்தொன்று நூறு என்று இறங்கிக்கொண்டிருக்கும்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லிப் பார்த்தான்.

"சாமி, ஒருசந்தி புடிக்கிறேன். அது பொண்ணுக்கா, தராசுக்கான்னு எனக்கே தெரியலே."

வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் கொட்டாவியை அடக்கினார். அன்று நாற்பது பேருக்கு மேல் கேட்டிருப்பார்.

"பசிக்குதா?"

"பசிக்குது சாமி."

"அப்போ புடி. மூணு அருள்நிறை சொல்லிட்டுப் போ."

போட்டி தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில். காலை எட்டு மணிக்கு எடை பார்த்தார்கள். கோமணத்தோடு தராசில் ஏறினான். முள் ஆடி, அறுபதில் நின்றது.

வெளியே இனாயத் காத்திருந்தான். மயிலாப்பூர் கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கூடவே தூக்கியவன். தோள் போனபிறகு துணைக்கு வருகிறான். கையில் தூக்குவாளி.

"நாலு முட்டை, ரெண்டு வாயப்பயம், குளுகோஸ் தண்ணி. துன்னு."

"மணி எட்டரைதான் ஆவுது."

"அதுக்கு இன்னா? பத்துக்கு மேடை ஏறணும். மூணு பேரைத்தான் மாநிலப் போட்டிக்கு எடுக்குறான். ரெண்டு வாட்டி நாலாவதா வந்துட்டு வாயைப் பொத்திக்கினு வந்தியே, மறந்துட்டியா?"

"பன்னெண்டுக்கு மேலதான், இனாயத்."

"நோம்பு இன்னான்னு எனக்குத் தெரியாதா? எங்களுக்கே முப்பது நாளுதான். நீ முப்பத்து நாலு ஓட்டிட்டே." தூக்குவாளியைத் திறந்தான். "ஒண்ணு கேக்குறேன், சொல்லு. தராசுக்குத்தானே இருந்தே? தராசைத் தாண்டியாச்சு. இனிமே யாருக்கு இருக்குறே?"

துரைராஜ் தூக்குவாளியைப் பார்த்தான். பொண்ணுக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சாப்பிடக் கூடாது. சாப்பிடாவிட்டால் தூக்க முடியாது. அடுத்த வருஷம் வயது முப்பத்தேழு. சுவர் ஓரமாக உட்கார்ந்து நாலு முட்டையையும் தின்றான். உப்பைத் தொடவில்லை. பழத்தையும் தின்று தண்ணீரையும் குடித்தான். வயிறு அதை வாங்கிக்கொண்ட வேகம் அவனுக்கே வெட்கமாக இருந்தது.

மேடையில் ஒவ்வொருவரும் அவரவர் சாமியைக் கும்பிட்டுக் கம்பியைத் தொட்டார்கள். அவன் சிலுவை போட்டுக்கொள்வது வழக்கம். நெற்றிக்குப் போன கை அங்கேயே நின்றது. வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டு இறக்கினான்.

கடைசி வாய்ப்பில் நூற்றைந்து கிலோ தலைக்கு மேல் நின்றது. மூன்றாம் இடம். இனாயத் குதித்தான். துரைராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு மிதித்தான்.

தங்கபுஷ்பம் சாப்பிடாமல் இருந்தாள். மூன்று தட்டு. சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார். பக்கத்தில் ரெஜினா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"தூக்குனீங்களா?"

"மூணாவது."

"மாதாவே!" சிலுவை போட்டுக்கொண்டாள். "வெறும் வயித்துல தூக்க வெச்சிட்டா பாருங்க. இவ காலையும் அவ பாத்துப்பா. சாயங்காலம் சாமியார் கையில சொல்லணும், இந்த அதிசயத்தை."

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நின்றான்.

"முட்டை துன்னேன்," என்றான்.

அவள் கரண்டி நின்றது.

"எத்தினி?"

"நாலு. ரெண்டு வாழப்பழமும்."

"எத்தினி மணிக்கு?"

"எட்டரைக்கு."

தராசைப் பற்றியும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். அதற்குள் அவள் அவன் தட்டை எடுத்துச் சோற்றைத் திரும்பப் பானையில் கொட்டி மூடினாள். கோபம் இருந்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அப்போ இன்னிக்குச் சாப்பாடு ஆயிடுச்சு," என்றாள். "நேரம்தான் தப்பிடுச்சு. வேளை ஒண்ணுதானே."

"நைனா சாப்புடலையா?" என்று கேட்டாள் ரெஜினா.

"நைனாவுக்கு ஆயிடுச்சு. நீ துன்னு."

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தான். முட்டை நூற்றைந்து கிலோவோடு போய்விட்டிருந்தது. மணி ஒன்று. நாளை ஞாயிற்றுக்கிழமை, ஒருசந்தி இல்லை. காலைப் பூசை முடிந்து ஏதாவது வாயில் போட இன்னும் பதினெட்டு மணி நேரம்.

நாளைக்கு எடை பார்க்க யாரும் இல்லை. பசிக்க ஆரம்பித்தது.