ஒரே ஒரு பீரியட்

1

இந்தக் கதை ஒரு காலி நாற்காலியில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பருவத் தேர்வு முடிந்து விடுமுறை விடுகிற நாளன்று ஒரு பள்ளிக்கூடத்தில் பிரிவு உபசார விழா. இரண்டு ஆசிரியர்கள் விடைபெறுகிறார்கள். குடும்ப நாவல் எழுதுகிறவள் என்பதால் என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பேசினால் நாலு பேராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க வேண்டும். மேடையில் விடைபெறுகிறவர்களுக்கென்று இரண்டு நாற்காலிகள். ஒன்றில், ஓய்வு பெறுகிற விளையாட்டு ஆசிரியர். இன்னொன்று காலி.

"ஓவிய டீச்சர் எங்க சார்?" என்று அவர் காதருகே கேட்டேன்.

"பீரியட் எடுத்துட்டிருக்காங்க."

"அவங்களை வழியனுப்பற விழாவுல அவங்களே இல்லன்னா எப்படி?"

"வழியனுப்பறது நம்ம வேலை மேடம். பாடம் எடுக்கறது அவங்க வேலை" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் முன்னால் பார்த்தார்.

அன்று என் கண்ணால் பார்த்தவை கொஞ்சம்தான். காலி நாற்காலி. அதன்பின் ஒரு கணக்கு ஆசிரியர் பேசிய பேச்சு. நான் இதுவரை கேட்டதிலேயே நீளமான, வறண்ட பேச்சு அது. அப்புறம், கை முழுக்கப் பெயின்ட்டோடு ஓடிவந்த பிள்ளைகள். கடைசியில், காரிலிருந்து ஒரு சுவர், ஒரு ஸ்கூட்டர். அந்தக் கணக்கு ஆசிரியர் ஓவிய டீச்சரின் கணவர் என்பதையும் விளையாட்டு ஆசிரியர்தான் சொன்னார். மிச்சமெல்லாம் நானாகக் கட்டியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

2

முதல் வரிகள் சிலவற்றை எழுதி அடித்தேன். அடித்தவற்றையும் காட்டுகிறேன்.

[கண்ணீரைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு அவள் கடைசி முறையாக அந்த வகுப்பறைக்குள் நுழைந்தாள். அந்தச் சுவர்கள் அவளிடம் ஏதோ சொல்ல…]

இல்லை. இவள் அழவில்லை. நான் எவ்வளவு கெஞ்சியும் அழ மறுக்கிறாள். பச்சை பெயின்ட் டப்பாவின் மூடி இறுகிப்போயிருக்கிறது. ஸ்பூன் காம்பால் நெம்பிக்கொண்டிருக்கிறாள்.

[விடைபெறுதல் என்பது வாழ்க்கை நமக்கு…]

இது என் மேடைப் பேச்சுக்காக எழுதிவைத்தது. தவறிப்போய் இங்கே வந்துவிட்டது. அங்கேயும் அதற்கு வேலையில்லாமல் போனது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கதை உண்மையில் இப்படித்தான் தொடங்குகிறது:

கணக்கு சார் வகுப்பு வாசலில் வந்து நின்றால், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கலர் டப்பாவை மூடிவிடுவார்கள்.

3

அவர் உள்ளே வரமாட்டார். அதில் மரியாதைக்காரர். நிலைப்படியில் நின்று, கையிலிருக்கும் சாக்பீஸை உருட்டியபடி, "டீச்சர், ஒரே ஒரு பீரியட்" என்பார். பரீட்சை வந்துவிட்டது, பாடம் முடியவில்லை, பின்னத்தில் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஓவிய டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, தன் சுருட்டிய தாள்களோடு ஆசிரியர் அறைக்குப் போய்விடுவாள். அங்கே விளையாட்டு ஆசிரியர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்.

"உங்களுதும் போச்சா?"

"போச்சு சார்."

"வீட்டுக்காரர்கிட்டயே பறிகொடுத்தா யார்கிட்ட போய்ச் சொல்றது? எனக்காவது வெளியாள்."

பள்ளிக்கூடத்தில் அவள் கணவரை 'சார்' என்பாள். அவர் அவளை 'டீச்சர்' என்பார். ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட் இரண்டையும் மாட்டிவிட்டு, அந்தக் கணமே அந்நியர்களாகிவிடுவார்கள். ஆரம்பத்தில் அது அவர்களுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது.*

(*இந்த இடத்தில் அவர்களின் காதல் கல்யாணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன். கல்யாணத்தின் இனிப்பைக் காட்டினால் நீங்கள் அவரைச் சீக்கிரம் மன்னித்துவிடுவீர்கள். அவள் இன்னும் மன்னிக்கவில்லை, நீங்கள் முந்தக்கூடாது.)

4

தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டனுப்பிய நாள். நல்ல மனுஷி, கெட்ட செய்தியைச் சொல்லும்போது பேனா ஸ்டாண்டை நகர்த்தி நகர்த்தி வைப்பவர்.

"அடுத்த பருவத்துலேர்ந்து ஓவியத்துக்குத் தனி டீச்சர் வேண்டாம்னு நிர்வாகத்துல முடிவு பண்ணிட்டாங்கம்மா. நான் பேசிப் பார்த்தேன்."

"ஏன் மேடம்?"

"இந்தப் பருவம் உங்க பீரியட் கிட்டத்தட்ட எல்லாமே கணக்குக்குத்தான் போயிருக்கு. ரிசல்ட்டும் ஏறியிருக்கு. பசங்களும் கேக்கல, பெத்தவங்களும் கேக்கல. அப்புறம் எதுக்குன்னு கேக்கறாங்க."

அவள் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பின்பக்கச் சுவர்?" என்றாள்.

மைதானத்துக்குப் பின்னால் ஒரு நீளச் சுவர் இருக்கிறது. ஏழாம் வகுப்பு அதில் ஒரு தெரு வரைய வேண்டும், ஆளுக்கொரு கதவு, அவரவர் வீட்டுக் கதவு. பருவத்தின் தொடக்கத்தில் அவள் கொடுத்த வாக்கு அது. வானம் மட்டும் முடிந்திருந்தது. கீழே வெறும் கரிக்கோடுகள். அதற்குள் கணக்கு வந்து நின்றுவிட்டது.

"பாதியில நிக்கறது பார்க்க நல்லா இல்லம்மா. லீவுல வெள்ளையடிச்சிடலாம்னு இருக்கோம். முடிச்சிருந்தா விட்டிருப்பேன்."

"முடிச்சா விட்டுடுவீங்கல்ல?"

"எங்கம்மா நேரம்? கடைசி நாள் மத்தியானம் விழா. விழா முடிஞ்சதும் மணி. மணி அடிச்சா வேனெல்லாம் கிளம்பிடும்."

"முடிச்சா விட்டுடுவீங்கல்ல மேடம்?" என்று அவள் அதையே திரும்பக் கேட்டாள்.

தலைமையாசிரியை பேனா ஸ்டாண்டை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "விட்டுடறேன்."

5

அன்று சாயங்காலம், வீடு. அவள் அவரிடம் வேலை போனதைச் சொன்னாள். காரணத்தைச் சொல்லவில்லை. விஷயம் தலைமையாசிரியை மூலம் அவருக்கு முன்பே வந்திருந்தது, காரணத்தோடு. அவரும் அதைச் சொல்லவில்லை.

(இந்த இரண்டு 'சொல்லவில்லை'களை வைத்துக்கொண்டு நான் ஒரு நாவலே எழுதிவிடுவேன். பழக்கதோஷம். அடக்கிக்கொள்கிறேன்.)

விழாவுக்கு முந்தின நாள் அவர் ஒரு வெள்ளைத்தாளோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். அங்கேயும் நிலைப்படிதான்.

"என்னைத்தான் பேசச் சொல்லியிருக்காங்க. உன்னைப் பத்தி. அஞ்சு நிமிஷம்."

"பேசுங்க."

"அஞ்சு நிமிஷம் என்ன பேசறது?"

அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தினாள். "என்னைப் பத்திப் பேச விஷயம் இல்லன்னு எங்கிட்டயே வந்து கேக்கறீங்க பாருங்க, உங்க தைரியம் யாருக்கு வரும்!"

"அப்படி இல்லம்மா. மேடைன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். உனக்குத் தெரியாதா?"

"கரும்பலகை முன்னாடி மட்டும் நாக்கு நல்லா புரளுதே. ஒண்ணு செய்யுங்க. என் பீரியட்ல என்னென்ன பாடம் நடத்தினீங்கன்னு வரிசையா சொல்லுங்க. அஞ்சு நிமிஷமா? பொழுதே பத்தாது."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை என்று தெரிந்ததும், வெள்ளைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

6

இந்த மனிதரை என்ன செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் அவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். ஆனால் பின்னத்தில் தடுமாறிய ஒரு பெண் பிள்ளை தேறிவிட்டாள் என்று தெரிந்த அன்று, அவர் தன்னந்தனியாக வராந்தாவில் சிரித்துக்கொண்டு நடந்தார். அதை நான் எழுதவேயில்லை, தானாக வந்து விழுந்தது. இரண்டாம் பிரதியில் அவரை அப்பாவியாக்கினேன். அப்பாவிக்கு ஒரு பருவம் முழுக்க அடுத்தவர் பீரியட் எதற்கு?

இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்கிறேன்: அவர் நல்ல ஆசிரியர். தன் பாடத்தைத் தவிர மற்றதெல்லாம் விட்டுக்கொடுக்கப்படும் என்று பழகிவிட்டவர். கேட்டதும் தலையாட்டிவிடுகிற ஒருத்தியோடு குடும்பம் நடத்தினால் அந்தப் பழக்கம் யாருக்கும் வந்துவிடும்.

தலையாட்டியது தன் தப்பும்தான் என்று அவள் நினைத்தாளா என்று நீங்கள் கேட்கலாம். நினைத்தாள். அதனால்தான் இனி ஆட்டுவதில்லை என்று முடிவெடுத்தாள்.

7

விழா நாள். மொத்தப் பள்ளிக்கூடமும் அரங்கத்தை நோக்கி வரிசையாகப் போனபோது, ஏழாம் வகுப்பு மட்டும் எதிர்த்திசையில் போனது. டப்பாக்கள், பிரஷ்கள், ஏணி. ஏணியை எடுத்துக்கொடுத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஓய்வு பெறுகிறவருக்கு இனி யார் பயம்?

"மிஸ், எங்க வீடு மூணாவது மாடி. கதவை மேலதான் வரையணும்."

"வரை. ஏணியில ஏறிக்கோ."

"மிஸ், எனக்கு ரெண்டு கதவு வேணும். அம்மா வீடு ஒண்ணு, அப்பா வீடு ஒண்ணு."

"ரெண்டும் வரை. இடம் இருக்கு."

"இவன் கதவு கோணலா இருக்கு மிஸ்!"

"எங்க வீட்டுக் கதவே கோணல்தான். நீ வந்து பாரு!"

அவள் வரையவில்லை. நிறம் கலக்கினாள், டப்பா மாற்றினாள், வழிந்ததைத் துடைத்தாள். அரங்கத்தில் பேசுவது மைதானத்து ஒலிபெருக்கியில் கேட்டது. வரவேற்புரை முடிந்தது. அடுத்து யாரோ இருமினார்கள். அவள் சுவரை அளந்து பார்த்தாள். வெறும் கோடுகளாக இன்னும் எத்தனையோ கதவுகள் நின்றன.

அப்போது திடீரென்று பிள்ளைகள் டப்பாக்களை மூடத் தொடங்கினார்கள்.

அவள் திரும்பினாள். சுவரின் கோடியில் கணக்கு சார் நின்றுகொண்டிருந்தார். வெட்டவெளிதான், வாசலும் இல்லை நிலைப்படியும் இல்லை. ஆனாலும் அதே தூரத்தில் நின்றார்.

"மூடச் சொன்னது யாரு? திறங்க" என்றாள் பிள்ளைகளிடம்.

"தலைமையாசிரியை கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றார் அவர். "எல்லாரும் காத்திட்டிருக்காங்க, டீச்சர்."

அவள் பிரஷைக் கீழே வைக்கவில்லை.

"ஒரே ஒரு பீரியட், சார்."

(இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு காபி குடித்தேன். இதற்கு மேல் என் பழைய வாசகிகளுக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு: அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு பிரஷை எடுக்கிறார், இருவர் விரல்களும் பச்சை பெயின்ட்டில் உரசு… வேண்டாம். அவர் கையில் பிரஷைக் கொடுத்தால் ஸ்கேல் கேட்பார். இன்னொரு வழி, அவர் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது. அது நடக்கவில்லை, நாற்காலி காலியாகத்தானே இருந்தது, நானே பார்த்தேன்.)

அவர் சுவரைப் பார்த்தார். முடிந்த கதவுகள், முடியாத கதவுகள், வேலை செய்கிற கைகள். கணக்குப் போடுகிற கண்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"முழு பீரியட்."

அவர் வேறெதுவும் கேட்காமல் திரும்பி நடந்தார்.

8

இனி நான் பார்த்தது.

அவர் மேடையேறினார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அது வெறும் தாள் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. மைக்கைப் பிடித்தார். நாக்கு ஒட்டிக்கொண்டதும் தெரிந்தது.

"ஓவிய டீச்சர் பீரியட்ல நான் நடத்தின முதல் பாடம், பின்னங்கள்" என்றார். "பகுதி வேற வேறயா இருந்தா எப்படிக் கூட்டறதுன்னு அன்னிக்குச் சொல்லிக்கொடுத்தேன். எப்படின்னா…"

எப்படி என்பதை முழுக்கச் சொன்னார், ஓர் உதாரணத்தோடு. அடுத்து தசமம். "அதுவும் அவங்க பீரியட்தான்." அடுத்து விகிதம். அடுத்து சதவீதம். "அன்னிக்கு அவங்க சுவர்ல கதவு வரைய வேண்டிய நாள்." பெற்றோர்கள் நெளிந்தார்கள். சின்னப் பிள்ளைகள் தூங்கினார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், வெட்கமில்லாமல் இரண்டாம் முறையும் பார்த்தேன். மணி அடிக்கிற பியூன் வாசலில் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.

தலைமையாசிரியை ஒரு துண்டுச்சீட்டு அனுப்பினார். அவர் அதைப் படித்து, மடித்து, வைத்துவிட்டு, "முக்கோணங்கள்" என்றார்.

"என்ன சார் இது, மனுஷன் நிறுத்தவே மாட்டாரா?" என்று விளையாட்டு ஆசிரியரிடம் முணுமுணுத்தேன்.

"இன்னும் என் பீரியடுக்கே வரல மேடம்" என்றார் அவர், பரம சந்தோஷத்தோடு.

நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கணக்கு சாரின் குரல் மாறியது. "ரிசல்ட் ஏறினது இந்தப் பீரியட்களாலதான். அந்த ரிசல்ட்டைக் காட்டித்தான் டீச்சர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. இதுல பிழை எங்கன்னு கேட்டா, முதல் வரியிலயே இருக்கு. அதை எழுதினது நான்." அரங்கம் ஒரு விநாடி விழித்துக்கொண்டது. தலைமையாசிரியை தலை குனிந்தார். உடனே அவர் "அடுத்து, வட்டத்தின் பரப்பளவு" என்றார். எல்லாரும் மறுபடி சாய்ந்துகொண்டார்கள்.

என் பேச்சுக்கு நேரம் இல்லாமல் போனது. நல்லதுதான்.

அதே நேரம் மைதானத்தில் (இது நான் கட்டியது): "மிஸ், விழாவுல சார் பாடம் நடத்தறார் மிஸ்!" என்று ஏணி மேலிருந்து ஒரு குரல். அவள் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கலக்கிக்கொண்டிருந்த கை கொஞ்சம் நின்றது. "நடத்தட்டும்" என்றாள். "நீ தாழ்ப்பாளை முடி."

பிள்ளைகள் பெயின்ட்டுக் கைகளோடு அரங்க வாசலில் வந்து குவிந்தபோதுதான் அவர் தாளை மடித்தார். "இவ்வளவுதான். நன்றி." அப்புறம்தான் மணி.

9

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். நிர்வாகம் மனம் மாறி அவளைத் திரும்ப அழைப்பது ஒன்று, நானே நம்பவில்லை. அவள் ஓடிவந்து அவர் தோளில் சாய்வது ஒன்று, அவளே நம்பமாட்டாள். ஒரு பருவம் முழுக்க எடுத்ததை ஒரே ஒரு பீரியடில் திருப்பிவிட முடியாது என்று கணக்கு சாருக்கே தெரியும்.

நான் கிளம்பும்போது கார் பின்வழியாகத் திரும்பியது. சுவரைப் பார்த்தேன். தெரு முழுக்கக் கதவுகள். ஒன்று மேலே மூன்றாவது மாடியில், ஒன்று கோணலாக, இரண்டு பக்கத்தில் பக்கத்தில் ஒரே நிறத்தில். ஈரம் காயவில்லை. அதில் இனி யாரும் வெள்ளையடிக்க முடியாது.

வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு ஸ்கூட்டர் தனியாக நின்றது. கைப்பிடியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஹெல்மெட். அவர் பக்கத்தில் நின்றிருந்தார், சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு. மைதானத்துப் பக்கமிருந்து அவள் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் காலி டப்பா, இன்னொரு கை முழங்கை வரை பச்சை. வேகமாகவும் வரவில்லை, தயங்கியும் வரவில்லை.

அவர் ஒரு ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. சாவிக்காகக் கையை நீட்டினாள்.

டிரைவரிடம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கார் வளைவில் திரும்பிவிட்டது. சாவியை அவர் கொடுத்தாரா, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாரா, வீடு போய்ச் சேரும்வரை என்ன பேசினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன். வளைவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். பார்த்துச் சொல்லுங்கள்.