சோலையப்பன் வீட்டுச் சுண்டக்கஞ்சி

1

இந்தக் கதை அறந்தாங்கி பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டில் இரண்டு பேர் சுண்டக்கஞ்சியைப் பற்றிச் சண்டை போட்டார்கள். சோற்றை ஊறப்போட்டுப் புளிக்கவைத்த போதைக் கஞ்சி. தெளிந்ததுதான் சரக்கு என்றார் ஒருவர். கலங்கலில்தான் சத்து என்றார் மற்றவர். மதுவிலக்கு நடக்கிற ஊரில், கண்டக்டர் காதுபட! நான் இறங்கும்வரை தீர்ப்பு வரவில்லை. அந்த எரிச்சலில் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கக் கூடாது.

2

முதல் தொடக்கம்: ஞாயிறு மறையும் வேளையில் சோலையப்பன் தன் பானையை— (வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.)

இரண்டாவது: சோலையப்பன் இந்தக் கஞ்சியால் ஒரு தடவை ஜெயிலுக்குப் போய்வந்தவன். அந்தப் பருவம் வயலைத் தனியாகப் பார்த்து ஓய்ந்துபோனவள் அவன் மனைவி அமராவதி. அவள் கண்ட வழி இது: கஞ்சியை எப்போதும் அடிவரை கலக்கியே வைப்பது. எவன் எட்டிப் பார்த்தாலும் வெள்ளையாக நீராகாரம்.*

நல்ல ஏற்பாடு. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அமராவதியின் அண்ணன் பெரியண்ணன் பினாங்கிலிருந்து வந்துவிட்டார். செவந்தியை, அதாவது இவர்கள் மகளை, தன் மகனுக்குப் பெண் கேட்க வருகிறார்.

* வாசனை? மோரும் வெங்காயமும் போட்டிருக்கிறாள். மேற்கொண்டு கேட்காதீர்கள்.

3

போன தடவை வந்தபோது பெரியண்ணன் டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "என்ன மாப்ள, கழுநீரா? பினாங்குல பீரு கண்ணாடியாட்டம் இருக்கும்" என்று சிரித்தார். (இந்த ஆளை நான் ஏன் படைத்தேன்?)

அதனால் சோலையப்பன், குடிதண்ணீர் தெளியவைக்கிற தேத்தாங்கொட்டையை எடுத்து, ஒரு பானையின் உட்புறம் உரசி, கஞ்சியை அதில் ஊற்றிவைத்தான். மண்டியெல்லாம் அடியில் தங்கி, மேலே தேன் நிறத்தில் தெளிந்து நின்றது. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். மறுபடியும் உரசுகிறான்.

"ஏங்க, ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஏட்டய்யா பாத்தா என்னாகும்?"

"பொண்ணு குடுக்குற வீட்டுல கழுநீரயா ஊத்துறது? எனக்கும் மானம் இருக்குல்ல."

"மானத்தோட உள்ள போயிருங்க. நாத்த நானே நட்டுக்கிறேன்."

நான் அவள் பக்கம்தான்.

4

பெரியண்ணன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கஞ்சி இன்னும் ஊற்றவில்லை. வாசலில் ஏட்டு வந்து நிற்கிறார். முன்பு பிடித்துக்கொண்டு போன அதே ஏட்டு.

"ஏம்மா, பானையில என்ன?"

"நீராகாரங்க."

"அப்ப ஒரு செம்பு மோந்து குடு. வெயில் தாங்கல."

அப்படியே மோந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். சோலையப்பன் மறுபடி ஜெயிலுக்கு.

கலக்கினால் வெள்ளை. வாங்கிக் குடித்துவிடுவார். (குடித்தால் தெரியாதா என்பீர்கள். தெரியும். ஆனால் குடித்துவிட்ட போலீஸ்காரர் யாரைப் பிடிப்பார்?) பிறகு பெரியண்ணனுக்கும் கழுநீர்தான். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு சோலையப்பன் பெண் கொடுக்க மாட்டான், அவ்வளவு ரோஷம். செவந்திக்கோ அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. (இதை நான் எழுத நினைக்கவே இல்லை. அவளாக வந்து சொன்னாள்.)

அகப்பை அமராவதி கையில். புருஷனைப் பார்க்கிறாள். கலக்காதே என்று தலையை ஆட்டுகிறான் அந்த முட்டாள்.

எனக்கு அலுத்துவிட்டது. நீங்களும் இவ்வளவு தூரம் வந்து சும்மா வேடிக்கை பார்க்கிறீர்கள். கலக்குவதென்றால் சீக்கிரம் கலக்குங்கள். ஏட்டு செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.