சரீபாவின் வெயில்

எங்கள் கரையில் வீடுகள் மேலே வளர்வது பெண் பிள்ளைகளால்தான். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் கிடக்கும் மணல் கீற்றில் ஊர் முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. மகளுக்கு ஒரு வீடு இல்லாமல் நிக்காஹ் பேச்சை எடுக்கவே முடியாது. மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்வீடு. வீட்டைக் கட்டிய வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் ஒதுங்கிவிடுவார்கள். மொட்டை மாடியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றால், வெளியூரார் அதை அரைகுறை வேலை என்பார்கள். உள்ளூரார் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு குமர் நிற்கிறாள் என்று கம்பியைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

இதெல்லாம் தெரிந்த ஒருத்திதான் அந்த விதியையும் எழுதினாள். நஸ்லியா, நகர சபையின் திட்டமிடல் அதிகாரி. மின்சாரம் நாளில் பாதி நேரம் இல்லாமல் போன அந்தக் கெட்ட வருடத்துக்குப் பிறகு, கடன்பட்டும் நகை விற்றும் பலர் கூரையில் சோலர் பூட்டினார்கள். பூட்டிய ஈரம் காயுமுன் பக்கத்து வீட்டில் மாடி எழும்பும். சோலர் நிழலுக்குள் படுத்துவிடும். வாய்த்தர்க்கம், பள்ளிவாசலில் பஞ்சாயத்து, பிறகு பொலிஸ். நகரத்துக்குப் புதிய அபிவிருத்தித் திட்டம் எழுதும் பொறுப்பு நஸ்லியாவிடம் வந்தபோது, வயலை நிரப்பி வீடு கட்டக் கூடாது என்ற பந்திக்குக் கீழே அவள் இன்னொரு பந்தியையும் சேர்த்தாள். அனுமதி பெற்றுப் பூட்டிய சூரிய மின்தகட்டில் விழும் பகல் வெயிலை, பக்கத்துக் காணியில் புதிதாக எழும்பும் எந்தக் கட்டடமும் மறைக்கக் கூடாது. சட்டத்தில் அதற்கு மணிக்கணக்கு இருந்தது. ஊரார் அதை வெயில் விதி என்று சுருக்கிக்கொண்டார்கள்.

மக்கள் கருத்துக் கேட்ட கூட்டத்தில் ஹார்ட்வெயார் கடை அப்துல் கபூர் ஹாஜி எழும்பி நின்றார்.

“பக்கத்து ஊட்டார் பூரண சம்மதத்தோட கையெழுத்து வெச்சித் தந்தா என்ன செய்யிற மிஸ்?”

“அப்படியும் ஏலா ஹாஜி. குமர்ட காரியம் எண்டு சொல்லிக்கிட்டு ஒரு வாசல்ல போய் நிண்டா, ஏலாண்டு சொல்ல இந்த ஊர்ல ஆருக்கு வாய் வரும்? கேட்டாலே தந்துதான் ஆகோணும். அதுக்குப் பேரு சம்மதமா?”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஹாஜியும் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். தங்கள் குணத்தை ஒருத்தி சரியாகப் பிடித்துவிட்டாள் என்ற சந்தோஷத்திலேயே எல்லோரும் கையைத் தூக்கி அந்தப் பந்தியை ஏற்றுக்கொண்டார்கள்.

சிரித்தவர்களில் நஸ்லியாவின் அண்ணன், பஸால் காக்காவும் ஒருவர்.

பஸால் காக்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. வாப்பா வேளையோடு மௌத்தாகிவிட்டார். காக்கா கட்டாருக்குப் போய், அந்தச் சூட்டில் லொறி ஓட்டி, தங்கச்சிக்கு ஒரு வீடு கட்டி முடித்துவிட்டுத்தான் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார். அதற்குள் தலைமுடி பாதி போய்விட்டது. நஸ்லியா இன்று மின்விசிறிக்குக் கீழே இருந்து சோறு தின்கிறாள் என்றால் அது காக்காவின் வியர்வை. அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவருக்கு இரண்டு பெண் மக்கள். மூத்தவளுக்குக் கீழ்வீடு போய்விட்டது. இளையவள் பரீனாவுக்கு நல்ல இடத்தில் பேச்சு வந்திருக்கிறது. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர். நோன்புப் பெருநாளுக்கு முன் மேல்வீட்டு வேலை தொடங்கினால் நிக்காஹ், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று அவர்கள் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

மேல்வீட்டின் வரைபடத்தைக் காக்கா சபைக்குக் கொண்டு போகவில்லை. தங்கச்சியின் சாப்பாட்டு மேசையில் விரித்தார்.

நஸ்லியா பார்த்தாள். காக்காவின் காணிக்கு மேற்கே ஒட்டியபடி சரீபாவின் வீடு. கணவனை இழந்தவள். வீட்டு முன்னறையில் மிளகாயும் அரிசி மாவும் அரைக்கும் ஒரு சின்ன மில். தாழப் பதிந்த கூரை, அதில் சோலர். அவளுக்கு மேற்குப் பக்கம் ஏற்கனவே மூன்று மாடி நிற்பதால் பின்னேர வெயில் கிடையாது. இருப்பது காலை வெயில் மட்டும். காக்காவின் மேல்வீடு எழும்பினால் அதுவும் இல்லை.

“கொஞ்சம் உள்ளுக்கு இழுத்துக் கட்டுவமா காக்கா? இந்தப் பக்கத்தால பாதி விட்டுட்டு?”

“பாதி விட்டா மிச்சம் ஒரு அறையும் குசினியும். வாற மாப்பிள்ள இது ஊடா, கோழிக்கூடாண்டு கேப்பான்.”

“அப்ப இது ஏலா காக்கா.”

காக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. அவள் சொன்னது அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். மறுநாள் சரீபாவின் கையெழுத்துள்ள சம்மதக் கடிதத்தோடு சபைக்கு வந்து முறைப்படி விண்ணப்பித்தார்.

நஸ்லியா தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். சரீபாவின் சோலரைக் காக்காவின் புதிய மாடிக்கு ஏற்றிவிடலாமா என்று மின்சாரப் பகுதியாரைக் கேட்டாள். ஒருவருடைய கூரை, இன்னொருவருடைய மின்மானி, அது சரிவராது என்றார்கள். பிறகு விண்ணப்பக் கோவையைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரி கனகசபாபதியிடம் போனாள்.

“சேர், இது என்ட காக்காட. நான் இதில கை வைக்கக் கூடாது. நீங்க பாருங்க.”

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்காரர்.

“நான் எடுத்தா ஓம் எண்டுதான் போடுவன் தங்கச்சி. உங்கட காக்காட மகளுக்குக் கட்டுற வீட்டுக்கு நான் இல்லை எண்டு போட்டா, அது சோலர்க் கதையா இருக்காது. நாளைக்கு வேற கதையாப் போயிரும். ரெண்டு ஊரும் தாங்காது.”

அவர் பொய் சொல்லவில்லை. ஒதுங்கிக்கொண்டாலே காக்காவுக்குச் சலுகை செய்ததாகிவிடும் என்று நஸ்லியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கோவையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று பின்னேரமே சரீபாவிடம் போனாள். சரீபா மில்லின் வாய்க்குள் கையை விட்டு மா துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ராத்தா, உண்மையச் சொல்லுங்க. மனசாரத்தான் கையெழுத்து வெச்சீங்களா?”

“மனசாரத்தான் புள்ள. குமர்ட காரியமெல்லோ.”

சொல்லும்போது சரீபா சிரித்தாள். ஆனால் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். கூட்டத்தில் தான் சொன்னது அச்சொட்டாக நடக்கிறது என்று நஸ்லியாவுக்குத் தோன்றியது. இந்தக் கடிதத்தை ஏற்றால் நாளைக்கு இந்த ஊரில் எந்த விதவையின் கூரைக்கும் வெயில் மிஞ்சாது. அதுவும் முதல் விலக்கே விதி எழுதியவளின் காக்காவுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். விடிந்ததும் சபைக்குப் போய் நிராகரித்தாள்.

அன்று பின்னேரம் அவள் காக்காவின் வீட்டுக்குப் போய், தன் வீட்டு மேல்தளத்தைப் பரீனாவுக்கு எழுதித் தருவதாகச் சொன்னாள். தகரக் கொட்டிலின் வாசலில் கதிரையில் இருந்த காக்கா எழும்பவே இல்லை.

“உனக்கு நான் தந்தத்த எனக்கே திருப்பித் தாறியா? அண்டைக்கு நான் ஒனக்குக் கடனா தந்த?”

அதற்குப் பிறகு அவர் அவளோடு கதைக்கவில்லை. காக்காவின் மனைவி மச்சி மட்டும் வெளியே சின்னச் சந்தான ஒழுங்கை வரை வந்து, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

காக்கா முகம் கொடுக்காமல் விட்டதை நஸ்லியா தாங்கிக்கொண்டாள். தன் முடிவுக்கு விலை தான்தான் கொடுக்கிறோம் என்று நினைத்திருந்தாள். அதில் ஒரு மெல்லிய பெருமைகூட அவளுக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஊர் வேறு கணக்குப் போட்டது அவளுக்குத் தெரியாது. கட்டாரில் கிடந்து வீடு கட்டிக் கொடுத்த காக்காவுக்கு ஒரு தங்கச்சி முடியாது என்று சொல்வாளா? ஊரில் யாராலும் அதை நம்ப முடியவில்லை. அப்படியென்றால் வேறு யாரோ தடுத்திருக்க வேண்டும். யார்? ஒரு கையால் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறு கையால் சபைக்கு இரகசியமாக முறைப்பாடு எழுதியவள்தான். நிராகரிப்புக்கு முந்தின பின்னேரம் நஸ்லியா சரீபாவின் வீட்டுக்குள் போய் வந்ததையும் ஒழுங்கை பார்த்திருந்தது. அவ்வளவு போதும். ஒருவரும் சண்டைக்குப் போகவில்லை. மிளகாயும் அரிசியும் கொண்டு வருகிற பெண்கள் சரீபாவின் வாசலைத் தாண்டி, வெயிலில் நடந்து, சந்தைப் பக்கத்து மில்லுக்குப் போகத் தொடங்கினார்கள். சரீபா ஸலாம் சொன்னால் பதில் வந்தது. அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

ஒரு நாள் பகல், வேறொரு காணியை அளக்கப் போன நஸ்லியா அந்த ஒழுங்கையால் வந்தாள். சரீபாவின் கூரையில் ஓர் ஆள் நின்றான். பாண்டிருப்புச் சுதன், சோலர் வேலைக்காரன். தகடுகளைக் கழற்றிக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டு ஏற்கனவே மதிலோடு சாய்ந்து நின்றன.

“ராத்தா! என்ன இது? அனுமதி நிராகரிச்சாச்சு. உங்கட வெயில இனி ஆரும் மறைக்க ஏலா.”

“வெயில் இரிக்கி புள்ள. அரைக்க ஆக்கள் இல்ல.”

ஊரில் பரவிய கதையைச் சரீபா நாலு வார்த்தையில் சொல்லிவிட்டாள். குரலை உயர்த்தவில்லை. கோபப்பட்டிருந்தால் நஸ்லியாவுக்கு இலேசாக இருந்திருக்கும்.

“நான் எல்லாருக்கிட்டயும் போய்ச் சொல்லுறன் ராத்தா. நீங்க ஒண்டும் கதைக்கல்ல, நான்தான் மறுத்த எண்டு.”

“சொல்லு. கூடப்பொறந்த காக்காவ ஒரு சட்டத்துக்காகத் திருப்பி அனுப்பின எண்டு சொல்லு. இந்த ஊர்ல ஒருத்தராச்சும் நம்புறாங்களா பாப்பம்.”

கூரையில் சுதன் அடுத்த தகட்டின் ஆணியைக் கழற்றினான்.

“அண்டைக்கு மனசாரத் தந்தீங்களாண்டு கேட்ட,” என்றாள் சரீபா. “எனக்கே தெரியா புள்ள. விருப்பமில்லாமத்தான் தந்திருப்பன். ஆனா தந்த. பரீனாட நிக்காஹ்ல முன்னுக்கு இருந்து சோறு தின்டிருப்பன். குமருக்கு வெயில விட்டுக் குடுத்தவள் எண்டு ஒரு பேர் இருந்திருக்கும். ஏழைக்கிட்ட வேற என்ன இரிக்கி குடுக்க? நீ எனக்கு நல்லதுண்டு நெனச்சி அதையும் வாங்கி ஒரு பக்கம் வெச்சிட்டாய். இப்ப நான் குமர்ட ஊட்ட மறிச்சவள். எனக்கும் ஒரு குமர் இரிக்கி. நாளைக்கு அவளக் கேட்டு வாறவங்க இந்த ஒழுங்கையில விசாரிச்சிட்டுத்தான் வருவாங்க.”

உள்ளே கதவுத் திரைக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்றாள். கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

நஸ்லியா மன்னிப்புக் கேட்டாள். சரீபா அவளுடைய கையைப் பிடித்து, மா படிந்த கையால் ஒரு முறை அழுத்திவிட்டு, சுதனுக்குத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள். சாப்பாட்டு நேரத்துக்குள் கூரை வெறுமையானது. தகடுகள் ஒரு சின்ன லொறியில் ஏறிப் போயின.

அடுத்த கிழமையே பஸால் காக்காவின் விண்ணப்பம் புதிதாக வந்தது. அதே வரைபடம், மாற்றம் ஒன்றுமில்லை. தடை இல்லாத விண்ணப்பத்தைத் தாமதிக்க நஸ்லியாவுக்கு அதிகாரமில்லை. மனமும் இல்லை, பரீனா என்ன பாவம் செய்தாள்? தளத்தைப் பார்வையிடப் போனாள். காக்கா ஒழுங்கை முனையிலேயே காத்து நின்றார். நெடுநாளைக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒண்டும் சொல்ல வேணாம். நீதான் சரீபாவோட கதைச்சி, சட்டத்துக்கும் மோசம் வராம, ஆருக்கும் தெரியாம எல்லாத்தையும் சரிக்கட்டின எண்டு எனக்குத் தெரியும். நான்தான் அவசரப்பட்டு ஒன்னோட கோவிச்சிட்டன்.”

“இல்ல காக்கா, நான் ஒண்டும்…”

“சரி சரி. உள்ளுக்க வா, மச்சி வட்டிலாப்பம் செஞ்சி வெச்சிரிக்கா.”

மொட்டை மாடியில் ஏறி நின்று அவள் மேற்கே பார்த்தாள். சரீபாவின் கூரையில் தகடுகள் இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. காலை வெயில் அதன் மேல் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. மில்லின் சத்தம் இல்லை. அறிக்கைத் தாளில் அந்தக் கேள்விக்கு எதிரே நஸ்லியா எழுதினாள்: அயற்காணியில் சூரிய மின்தகடு எதுவும் இல்லை. ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. கீழே கையெழுத்து வைக்கும்போது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தங்கச்சி சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்த காக்கா, சின்ன வயதில் செய்வதுபோல அவளுடைய தலையைத் தடவிக் கொடுத்தார்.