இரண்டு பால்ச்சாமிக்கு ஒரு திரை

பயிர்க் காப்பீட்டுக்கு அன்றுதான் கடைசி நாள். திருச்சுழி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கணினி மையத்தில் கூட்டம் வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. கம்ப்யூட்டர் முன்னால் துர்காதேவி. அவள் முதுகுக்குப் பின்னால் கடைக்காரன் விஜயபாண்டி. போன வாரம் ஒருத்தர் விண்ணப்பத்தில் வேறொருத்தர் பட்டா ஏறிப்போனது. இன்னொரு தப்பு நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டான்.

தப்பு எங்கே விழுகிறது என்று துர்காவுக்குத் தெரியும். திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல்கள் திறந்து கிடக்கும். பட்டாவை முன்னால் இழுத்தால் விண்ணப்பம் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால், கீயை அழுத்தினால் ஜன்னல்களைத் திரையில் பக்கம்பக்கமாகப் பாதிப்பாதியாக நிறுத்துகிற சின்ன புரோகிராம் ஒன்றைக் காலையில் ஏற்றியிருந்தாள்.

"கண்டதையும் ஏத்தி வைரஸ விட்றாத. மவுஸு என்ன, செத்தா போச்சு?" என்றான் விஜயபாண்டி.

"மவுஸு சாகலண்ணே. நாந்தான் செத்துக்கிட்டிருக்கேன்."

"வாயி. அடுத்தாளு பால்ச்சாமி, குதிரைவாலி." விஜயபாண்டியே குனிந்து பட்டாவைத் தேடித் திறந்தான். "இந்தா. சட்டுன்னு அனுப்பு."

அவள் அனுப்பவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், இடது அம்புக்குறி: பட்டா இடப்பக்கம் போய் நின்றது. வலது அம்புக்குறி: விண்ணப்பம் வலப்பக்கம். இரண்டிலும் பால்ச்சாமி. தகப்பன் பெயர் மட்டும் பட்டாவில் அருஞ்சுனை, விண்ணப்பத்தில் சோலைச்சாமி.

எதிரே நின்றவரைப் பார்த்தாள். "உங்கப்பா பேரென்ன?"

"சோலைச்சாமி, தாயி."

"அருஞ்சுனை யாரு?"

"எங்க பெரியப்பா. அவுக மகனும் பால்ச்சாமிதான். தாத்தா பேர ரெண்டு வீட்லயும் மூத்தவனுக்கு வச்சுட்டாக. ஊர்ல நான் சின்ன பால்ச்சாமி."

"பட்டாவுல சின்ன, பெரியன்னு போட மாட்டாங்க."

துர்கா விஜயபாண்டி பக்கம் திரும்பினாள்.

"போன வாரமும் இப்படித்தாண்ணே. நீங்க எடுத்துக் குடுத்தீக, நான் பாக்காம அனுப்புனேன். திட்டு மட்டும் எனக்கு."

அவள் சரியான பட்டாவைத் திறந்து, பக்கத்தில் நிறுத்தி, வரிக்கு வரி பார்த்து அனுப்பினாள். ரசீது வந்தது.

"அந்தப் புரோகிராமு இருக்கட்டும்மா," என்றான் விஜயபாண்டி, குரலை இறக்கி. "எந்தக் கீய அமுக்கணும்?"

"நாளைக்கு வந்து சொல்லித்தாரேன். இப்ப அவரு பட்டா தெறந்தே கெடக்கு, அந்தப் பெரிய பால்ச்சாமி வந்திருக்காரான்னு பாருங்க."