ஒன்பது ஜோடி பூட்ஸ்

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு, தலைமை அலுவலகத்தின் திருட்டுத் தடுப்புக் கண்காணிப்பாளர் ப்ரூயிட், என் கவுண்டரில் ஒரு காகிதத்தை விரித்தார். வாங்கிய பொருளைத் திருப்பித் தருகிறவர்கள் வரும் கவுண்டர் அது. காகிதத்தின் தலைப்பில் இருந்தது என் ஓட்டுநர் உரிமத்தின் எண்.

ரசீது இல்லாதவர்கள் உரிமத்தை நீட்ட வேண்டும். இயந்திரம் எண்ணைக் குறித்துக்கொள்ளும். அளவு மீறினால் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். என் எண்ணில் இரண்டு வருடத்தில் முப்பத்தெட்டுப் பொருள்கள். ஜாடி மூடிகள், கால்சட்டைத் தோள்வார்கள், கருப்புத் துணி, ஆண்களுக்கான ஒன்பது ஜோடி பூட்ஸ்.

"உங்க வீட்ல எத்தன ஆம்பளைங்க, மேடம்?"

"ஒருத்தரும் இல்ல. பூனை ஒண்ணு இருக்கு. அதுவும் பொட்டை."

அவர் சிரிக்கவில்லை.

அமெரிக்காவில் ஒஹையோவின் இந்தப் பக்கம் பாதிப் பேர் ஆமிஷ்காரர்கள், காரும் மின்சாரமும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் கிறிஸ்தவர்கள். குதிரைவண்டி ஓட்ட உரிமம் தேவையில்லை. புகைப்படத்துக்கு நிற்பதை அவர்கள் மதம் ஒப்புவதில்லை. முதல் தடவை ஒரு கிழவர் பொட்டலத்தோடு நின்றார், திரை உரிமம் கேட்டது, நான் என்னுடையதை இயந்திரத்தில் தேய்த்தேன். இரக்கம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். வரிசை நீளமாக இருந்தது. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தங்கள் வாய்ச்சொல்லைக் கடை நம்புகிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள் என்றே எண்ணியிருந்தேன்.

இதையெல்லாம் ப்ரூயிட்டிடம் வரிசையாகச் சொன்னேன். அது உண்மையானால் வெறும் விதிமீறல், ஓர் எச்சரிக்கையோடு போகலாம் என்றார். இல்லையென்றால் நானே கடைப் பொருளை எடுத்துத் திருப்பிக் கொடுத்துப் பணமாக்கிய திருட்டு, வேலை போகும், போலீஸும் வரும். ஆமிஷ்காரர்களில் ஒருவராவது அதைச் சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அப்போதுதான் வாகன நிறுத்தத்தின் கம்பியில் குதிரையைக் கட்டிவிட்டு, வழக்கமாக வரும் ஆமிஷ்காரி சலோமா உள்ளே வந்தாள். பூட்ஸைக் கவுண்டரில் வைத்தாள். ஓர் அளவு சின்னதாம். ரசீது வண்டியில் மழையில் ஊறிப்போனதாம். புருஷன் மெர்வின் சனிக்கிழமையிலிருந்து கிழிந்த பூட்ஸோடு மரமில்லுக்குப் போகிறானாம்.

திரை உரிமம் கேட்டது. என் கை பாக்கெட் வரை போய் நின்றது. எடுத்தால் பட்டியலில் பத்தாவது ஜோடி. எடுக்காவிட்டால் இவள் வெறுங்கையோடு போவாள். இவளைச் சாட்சிக்கு இழுத்தாலோ, தன் பெயரால் இரண்டு வருடம் நடந்த பொய்யை இவள் அறிவாள். பொய்யோடு சேர்ந்த எதையும் தொடாதவர்கள் அவர்கள்.

சலோமா என் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"என்ன ரோவீனா, இன்னிக்கு உன் கார்ட எடுக்கலையா?"

"உனக்குத் தெரியுமா?"

"கண்ணு இருக்கே." குரலைத் தாழ்த்தினாள். "தெரியும்னு வாயத் தொறந்தா, உன் கார்டு வேணாம்னு சொல்ல வேண்டி வரும். மெர்வினுக்குப் பூட்ஸு வேணுமே."

ப்ரூயிட் கைகளை அவிழ்த்தார். பேனாவை எடுத்து, காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"உங்க பேரு என்னம்மா? இது தெரியும்னு கீழ ஒரு கையெழுத்து."

சலோமா பேனாவைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. பூட்ஸை அருகே இழுத்து, இரண்டின் கயிறுகளையும் சேர்த்து முடிச்சுப் போடத் தொடங்கினாள். திருப்பித் தரும் ஜோடியை அப்படிக் கட்டித்தான் தர வேண்டும். மாற்றாமலே வீட்டுக்குத் திரும்பத் தூக்கிப் போகிறவர்களும் அப்படித்தான் கட்டுவார்கள்.