வலப்பக்கப் பை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிறந்த வீட்டில் சொன்னார்கள், புகுந்த வீட்டில் சொன்னார்கள், இப்போது மூவாயிரம் பேர் இருக்கும் எங்கள் இணையக் குழுவிலும் சொல்கிறார்கள். அந்தக் குழுவில் யாரும் யாரையும் புண்படுத்தாமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என் தலையில் இருப்பதுதான் வேடிக்கை.

வீட்டில் துணி தைப்பவர்களுக்கான குழு அது. தைத்ததைப் படமெடுத்துப் போடுவார்கள், கீழே மற்றவர்கள் கருத்து எழுதுவார்கள். நான் கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, எடை போட்டவர்களுக்கு இடுப்பைப் பிரித்து விடுவது, இதுதான் வேலை. நடுவில் மூச்சு விடும்போதெல்லாம் போனில் கருத்துகளை மேய்வேன். எனக்குத் துணையாக இன்னொரு நிர்வாகி உண்டு, எதிர்வரிசைப் பொத்தான் கடைக்காரர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன். அதனால் கண்டிக்கிற வேலை முழுக்க எனக்கு.

கண்டிப்பதற்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன். யார் அடுத்தவர் தையலைக் கேலி செய்கிறாரோ, அவர் அதே துணியைத் தானும் தைத்துப் படம் போட வேண்டும். அதுவரை குழுவில் வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை ஒரு கவுனின் சுருக்கத்தைக் கிண்டலடித்த ஆள், ஒரு வாரம் உட்கார்ந்து ஆறு அடுக்கு சுருக்கம் வைத்தார். அதற்கப்புறம் அவர் பேச்சில் அப்படி ஒரு மரியாதை!

அன்று காலை ஒரு புது ஆள் வந்தார். 'முதல் தையல்' என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டு, தான் தைத்த நீலக் கட்டம் போட்ட ஆம்பிளைச் சட்டை ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார். தையல் ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பை வலப்பக்கம்! சட்டைப்பை இடப்பக்கம் என்பது எங்கள் ஆட்களுக்கு அ, ஆ மாதிரி. என் விரல் சும்மா இருக்குமா?

"இதயம் வலப்பக்கம் இருக்கிறவருக்குத் தைச்சீங்களா?" என்று எழுதினேன்.

மதியத்துக்குள் இருநூறு பேர் சிரித்திருந்தார்கள். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

பிறகு அவர் பதில் வந்தது. "அப்பாவுக்கு பக்கவாதம் வந்து வலது கை வராதுங்க. இடது கையால கண்ணாடி எடுக்க தோதா இருக்கட்டும்னு அந்தப் பக்கம் வச்சேன். மன்னிச்சிடுங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அவர் கேட்டுவிட்டார். அடுத்த நிமிஷம் படத்தையும் நீக்கிவிட்டார். தனியாக எழுதினேன், பதில் இல்லை. முதல் தடவையாக ஒருவர் கதவைத் தட்டியிருக்கிறார், நான் முகத்தில் அறைந்தாற்போல் சாத்தியிருக்கிறேன்.

பொத்தான் கடைக்காரர் ஓடி வந்தார். "உங்க கருத்தை அழிச்சிடுங்கக்கா. படமே போயிடுச்சு, யாரு கேக்கப் போறாங்க?"

அழிக்கலாம். ஒரு தட்டு தட்டினால் போதும். விரல் அதன் மேல் போய் நின்றது. அப்போது அந்தக் கவுன்காரரின் ஆறு அடுக்கு சுருக்கம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"வேணாம். அவருக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதியா?" என்றேன். குழுவில் எல்லாருக்கும் தெரிய எழுதினேன்: "நான் கேலி செய்தேன். அந்தச் சட்டையை நானும் தைக்கிறேன். அதுவரை பேச மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரின் அளவுக்கே வெட்டித் தைத்து, பையை வலப்பக்கம் வைத்தேன். நியாயமாக அங்கேயே முடித்துப் படம் போட்டிருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம். பையில் கண்ணாடி வைப்பது சரி, முதலில் அந்த மனுஷன் சட்டையைப் போடுவது எப்படி?

"என் வலது கையை முதுகுக்குப் பின்னால கட்டுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் அளவு நாடாவாலேயே கட்டினார். "இத்தனை வருஷத்துல கையைத்தான் கட்ட முடிஞ்சுது. வாயைக் கட்ட முடியலையே."

"சிரிக்காதீங்க. மணியைப் பாருங்க."

சட்டைக்குள் நுழையவே பெரும்பாடு. பொத்தான்கள் அதற்கு மேல். ஆம்பிளைச் சட்டையில் பொத்தான் வலப்பக்கம், துளை இடப்பக்கம். வலது கைக்காரனுக்காகவே யோசித்த ஏற்பாடு. இடது கை மட்டும் இருந்தால் பொத்தான் வழுக்கிக்கொண்டே போகிறது. ஏழு பொத்தானுக்குப் பதினொரு நிமிஷம். கடைசிப் பொத்தானில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பொத்தான் தைக்கிறேன், இதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

உடனே பிரித்தேன். பொத்தான்களைத் துளைகளுக்கு மேலேயே அழகுக்காகத் தைத்துவிட்டு, உள்பக்கம் ஒட்டுப்பட்டை வைத்தேன். குழந்தைகள் செருப்பில் கர்ரென்று பிரியுமே, அதுதான். வெளியே பார்த்தால் சாதாரணச் சட்டை. மறுபடி கையைக் கட்டி, மறுபடி மணி பார்த்தோம். இரண்டு நிமிஷம்.

படத்தைப் போட்டேன். ஒட்டுப்பட்டையின் நீள அகலம், எந்த ஊசி, எத்தனை இடைவெளி, எல்லாம் எழுதினேன். கீழே, "வலப்பக்கப் பை சரியான இடத்தில் இருந்தது. தப்பு என் மேல். திரும்பி வாருங்கள்" என்று சேர்த்தேன்.

ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. நான் அதே நினைப்பில் நாலு பேருடைய பேன்ட்டையும் ஒரே அளவில் வெட்டித் திட்டு வாங்கினேன். நான்காம் நாள் 'முதல் தையல்' எழுதினார். லாரி ஓட்டுகிறவராம், ஓய்வு நாளில் தைக்கப் பழகுகிறாராம். நான் எழுதியபடியே ஒரு சட்டை தைத்து முடித்தாராம். "அப்பாவே உங்களுக்கு ஏதோ எழுதணுங்கிறார். ஒரு விரல்ல அடிக்கிறார், கொஞ்சம் நேரமாகும்" என்றிருந்தது.

இருபது நிமிஷம் கழித்து வந்தது. "நானே போட்டுகிட்டேன். காலர் இறுக்கம்."

கடையில் நின்றபடி அழுதேன், சிரித்தேன், இரண்டும். வாடிக்கைக்கார அம்மா பயந்துபோய்த் தன் பாவாடையைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தார்.

அன்றே விதிகளுக்கெல்லாம் மேலே ஒரு வரி சேர்த்தேன்: முதலில் கேளுங்கள், யாருக்குத் தைத்தது?

அடுத்த வாரம் ஒரு புதியவர் தான் தைத்த பேன்ட்டின் படம் போட்டார். ஒரு கால் மற்றதைவிட நாலு விரற்கடை குட்டை. மூவாயிரம் பேரும் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மனசு அப்போதே இளக ஆரம்பித்தது, யாருக்கு என்ன கஷ்டமோ என்று. பொத்தான் கடைக்காரர்தான் பதமாகக் கேட்டார்: "யாருக்குத் தைச்சீங்க?"

"எனக்குத்தாங்க. மேட்ச் பாத்துகிட்டே வெட்டிட்டேன். ஏன் ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்கிறீங்க?"

அப்போதும் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. முதலில் எழுதியவர் லாரிக்காரர்தான்.

"வாங்க, வாங்க. வெட்டின துண்டு இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. எங்கப்பா சட்டைக்கு ஒரு பை ஆகும். எந்தப் பக்கம்னு அக்காவைக் கேட்டுக்குங்க."